வாடைக்காற்றில் ஒரு குடில்: யூகேஜி வகுப்பின் டிசம்பர் செய்முறைப் பதிவு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் டிசம்பரில் பசை லேசில் காயாது. ஏப்ரலில் காலையில் ஒட்டினால் சாப்பாட்டு மணிக்குள் இறுகிவிடும் அட்டை, வாடைக்காற்று வீசும் நாட்களில் மறுநாள் காலையிலும் விரலோடு வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று வாரத்தில் மழலையர் வகுப்பில் செய்யும் வேலையில் பாதி கெடுவது இதனால்தான். பிள்ளைகளின் கையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே திட்டத்தை வேலை செய்யும் நேரத்தை வைத்துப் போடாமல், காயும் நேரத்தை வைத்துப் போட வேண்டும். இந்தப் பதிவில் இருப்பது 28 பிள்ளைகள், ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா உள்ள யூகேஜி வகுப்புக்கான கணக்கு. செய்தவை நான்கு: நாள் எண்ணும் காகிதச் சங்கிலி, ஐஸ் குச்சி நட்சத்திரம், காகிதக் கூழ் ஆடுகள், முளைப்பயிர் வைத்த கிறிஸ்துமஸ் குடில்.

முதலில் நாட்களின் கணக்கு. டிசம்பர் 1 முதல் 23 வரை பள்ளி நாட்கள் பதினைந்து முதல் பதினேழு வரை வரும். அதில் மழை விடுமுறை இரண்டு மூன்று நாள் போய்விடும். அரையாண்டு மதிப்பீடும் இதற்குள்தான். கையில் மிச்சமிருப்பது 12 நாள் என்று வைத்துக்கொண்டால் பதற்றம் இல்லாமல் முடிக்கலாம். மூன்றாவது வாரத்தில் ஊரில் இரவு வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடும். வீட்டாரோடு சுற்றிய பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு வருவார்கள். அந்த வாரத்தில் புதிய வேலை எதையும் தொடங்கக் கூடாது. செய்து காய்ந்ததை அடுக்கும் வேலை மட்டும் இருக்கட்டும்.

28 பேரையும் ஒரே நேரத்தில் பசையோடு உட்கார வைத்தால் மிஸ் பசை துடைப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. ஆறு பேர் மூன்று குழு, ஐந்து பேர் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு 12 நிமிடம். 9.45க்குத் தொடங்கினால் 10.45 பால், பிஸ்கட் நேரத்துக்குள் ஐந்து குழுவும் முடியும். மற்றவர்கள் ஆயாம்மாவோடு கட்டைகளிலும் பாட்டிலும் இருப்பார்கள். அன்றாட ஒழுங்கை, அதாவது காலை வட்டம், கழிப்பறை, தின்பண்டம், கதை இவற்றை, ஒரு நாளும் கலைக்கக் கூடாது. ‘விழா வேலை’ என்று கதை நேரத்தை எடுத்துவிட்டால் மூன்றாம் நாளே வகுப்பில் அடியும் அழுகையும் கூடிவிடும்.

சங்கிலி

சார்ட் பேப்பரின் முழு அளவு 56க்கு 71 செ.மீ. 3 செ.மீ அகலம், 20 செ.மீ நீளத்தில் 24 பட்டைகள். டிசம்பர் 1 காலையில் 24 வளையம் கோத்த சங்கிலி கரும்பலகை ஓரம் தொங்க வேண்டும். நாளுக்கு ஒன்று வெட்டினால் 24ஆம் தேதி தீரும். திங்கட்கிழமை சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று வளையம் வெட்ட வேண்டும். மழை விடுமுறை முடிந்து வந்த நாளில் எத்தனை வெட்டுவது என்று பிள்ளைகளே விரல் விட்டு எண்ணட்டும். கழித்தல் இங்கேதான் கைக்குப் பழகுகிறது. அரையாண்டு மதிப்பீட்டில் ‘பின்னோக்கி எண்ணுதல்’ இருந்தால் அதையும் சங்கிலியின் கீழேயே ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம், தனியாக உட்கார வைத்துப் பயமுறுத்த வேண்டியதில்லை.

வளையத்தைப் பசையால் ஒட்டினால் ஈரக்காற்றில் இரண்டே நாளில் பிரியும். ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம், கழன்று தரையில் விழுந்தால் யார் வாய்க்குப் போகும் என்று சொல்ல முடியாது. செல்லோ டேப்தான் சரி, உள்ளேயும் வெளியேயும் ஒரு துண்டு.

பசை

மைதா ஒரு டம்ளர், தண்ணீர் ஐந்து டம்ளர். 100 மில்லி டம்ளர் போதும், 28 பேருக்கு ஒரு நாளைக்கு வரும். மைதாவை முதலில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதி நாலு டம்ளர் கொதிக்கும்போது ஊற்றிக் கிண்டி, கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்க வேண்டும். வெள்ளையாக இருக்கும்போதே இறக்கினால் ஒட்டாது. இந்தப் பசை இரண்டாம் நாள் புளித்துவிடும், மூன்றாம் நாள் பூஞ்சை. கடையில் பசைக்கு மயில்துத்தம் போடுவார்கள், அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் கூடாது. அன்றன்று காய்ச்சுவதே வழி. ஒட்டிய பொருளை இரவு தரையில் விட்டால் எலியும் கரப்பானும் மைதாவைத் தேடி வரும்; பீரோவின் மேல் வைக்க வேண்டும்.

குச்சி ஒட்ட மட்டும் வெள்ளைப் பசை. பிள்ளைகள் நிறைய ஊற்றினால் பலமாக ஒட்டும் என்று நினைப்பார்கள். மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே பாலாகவே நிற்கும். குப்பி கையில் தராமல், சோடா மூடியில் ஒரு சுண்டைக்காய் அளவு ஊற்றிக் கொடுத்தால் அளவு தானாக வந்துவிடும்.

நட்சத்திரம்

ஐந்து முனை நட்சத்திரத்துக்கு ஐந்து குச்சியைக் கோணம் பார்த்துக் குறுக்கே வைக்க வேண்டும். ஐந்து வயதுக் கை அதைத் தாங்காது. கடைசியில் மிஸ் ஒட்டிய 28 நட்சத்திரங்கள்தான் தொங்கும். இரண்டு முக்கோணத்தை ஒன்றின்மேல் ஒன்று திருப்பி வைக்கும் ஆறு முனை நட்சத்திரத்தைப் பிள்ளையே முழுதாகச் செய்ய முடியும். முருகன் கோயிலிலும் வாசல் கோலத்திலும் இதே வடிவத்தைப் பார்த்த பிள்ளைகள் உடனே அடையாளம் சொல்வார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கலந்து படிக்கும் நம் வகுப்புகளில் அந்த அடையாளம் கண்டுகொள்ளும் மகிழ்ச்சி பெரிய விஷயம்.

ஆளுக்கு ஆறு குச்சி, 28 பேருக்கு 168. ஐம்பது குச்சிப் பாக்கெட் நான்கு வாங்கினால் உடைவதற்கும் 32 மிஞ்சும். முதல் நாள் வண்ணம். போஸ்டர் கலரைத் தயிர் பதத்தில் கொடுத்து ஒரு பக்கம் மட்டும் பூசச் சொல்ல வேண்டும். தண்ணீராகக் கரைத்தால் குச்சி வளைந்துவிடும், வளைந்த குச்சியில் முக்கோணம் மூடாது. மறுநாள் நுனிகளில் மிஸ் பென்சில் புள்ளி வைத்துத் தர, புள்ளிமேல் பசை, அதன்மேல் அடுத்த குச்சி. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு துணி கிளிப்.

கிளிப்தான் இந்த வேலையின் உயிர். ஒட்டிய மூலையை ஒரு மணி நேரம் அசையாமல் பிடிக்கும். தவிரவும், கிளிப்பை இரு விரலால் அழுத்தித் திறக்கும் பழக்கம் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு வலு தரும். எழுத்து வேலை குறைந்துவிட்டதே என்று கேட்கும் பெற்றோருக்குத் தயங்காமல் இதைச் சொல்லலாம். ஆறு பேர் குழுவுக்கு ஒரு முக்கோணத்துக்கு 18 கிளிப். எல்லாக் குழுவும் ஒரே நாளில் ஒட்டினால் 84 வேண்டும், அவ்வளவு எந்த வகுப்பிலும் இராது. இரண்டு டஜன் கிளிப் வைத்துக்கொண்டு, குச்சி வேலையை நாளுக்கு ஒரு குழு என்று சுற்றுக்கு விட வேண்டும்.

தொங்கவிடுவதற்குத் தையல் நூல் ஆகாது. ஈரம் இழுத்து முறுக்கிக்கொள்ளும், நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வலை பின்னும் நைலான் நரம்பான தங்கூசி எந்த வீட்டிலும் ஒரு முழம் கிடைக்கும். அது ஈரம் குடிக்காது. ஆனால் பிஞ்சு விரலை அறுக்கும். ஆகவே கட்டுவது மிஸ், அதுவும் பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில். வெட்டிய துண்டுகளை எண்ணிக் குப்பையில் போட வேண்டும். கரைப்பக்கம் வீசினால் ஆமைக்கும் பறவைக்கும் அது சுருக்கு. ஜிகினாத் தூள் வேண்டாம் என்பதற்கும் கண்ணில் விழுவது ஒரு காரணம், துடைத்த தண்ணீரோடு கடலுக்குப் போவது இன்னொரு காரணம்.

ஆடுகள்

எங்கும் எளிதாகச் சொல்லித்தரப்படும் உப்பு மாவு பொம்மை இந்தக் கரைக்குப் பொருந்தாது. இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு என்று பிசைந்து செய்தால் வெயிலில் இறுகியது போலத் தெரியும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பதால், மழை இருட்டிய முதல் நாளே பொம்மை வியர்த்து, வண்ணம் வழிந்து, கழுத்து தொய்ந்துவிடும். அடுப்பில் வாட்டினாலும் பலனில்லை, ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அதற்கு மாற்று நம் பாட்டிமார் முறம் மெழுகவும் கூடை செய்யவும் வைத்திருந்த வெந்தயக் காகிதக் கூழ். பழைய நோட்டுத் தாள் அரை கிலோ, வெந்தயம் 100 கிராம். தாளைக் கிழிப்பது பிள்ளைகளின் வேலை. இரண்டு நாள் காலை வட்டத்தில் கிழித்தால் முடிந்துவிடும், அவ்வளவு ஆனந்தமான வேலை வேறில்லை. இரண்டு நாள் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீர் மாற்றி, பழைய மிக்ஸியில் நிறையத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும். கெட்டியாகப் போட்டால் மிக்ஸி சூடேறி நின்றுவிடும். துணியில் பிழிந்து, இரவு ஊறிய வெந்தயத்தை அரைத்துச் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு பதம் வரும். பிழிவதில்தான் பலரும் தவறுகிறார்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் பிழிய வேண்டும்.

முழு உருண்டையாகக் கூழைப் பிடித்தால் டிசம்பரில் உள்ளே காய்வதற்குப் பத்து நாளானாலும் ஆகும். அதற்குள் உள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும். தாளை எலுமிச்சை அளவு கசக்கி நூல் சுற்றி, அதன்மேல் அரை செ.மீ கனத்துக்குக் கூழைப் பூச வேண்டும். ஆட்டுக்கு முட்டை வடிவில் ஓர் உடல், நெல்லிக்காய் அளவு தலை. கால் வேண்டாம், படுத்த ஆடு. கால் வைத்தால் முதல் நாளே ஒடியும், ஒடிந்த ஆட்டைப் பார்த்து அழும் பிள்ளைக்குச் சொல்ல ஆறுதல் கிடையாது.

காய வைப்பதற்கு நம் ஊர்க் கருவாட்டு வலை முறைதான் சிறந்தது. தட்டில் வைத்தால் அடிப்பக்கம் ஈரமாகவே கிடந்து நாறும். இரண்டு பெஞ்சுக்கு இடையில் பழைய வலைத் துண்டை இழுத்துக் கட்டி அதில் பரப்பினால் காற்று கீழிருந்தும் போகும். மின்விசிறியும் ஓடினால் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். வடகடல் பார்த்த சன்னலை மூடி வைக்க வேண்டும், வாடை கொண்டு வருவது உப்பு ஈரம். காய்ந்ததா என்று பார்க்க ஆட்டைக் கன்னத்தில் வைக்கச் சொல்லலாம். ஜில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. பிள்ளைகள் நாள்தோறும் வரிசையில் நின்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஈரம் இருக்கும்போதே வண்ணம் அடித்தால் பூச்சுக்குள் கறுப்புப் புள்ளி கிளம்பும். அப்படி வந்த ஆட்டைச் சுரண்டித் திருத்த முடியாது, புதிதாகவே செய்ய வேண்டும். அதற்காக ஒரு கைப்பிடிக் கூழைப் பிழிந்து உருட்டி ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பது நல்லது.

ஆடு யாருடையது என்று வயிற்றில் பெயர் எழுதியே ஆக வேண்டும். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே என்று இருக்கும் ஆட்டை மிஸ் திருத்தக் கூடாது. பெற்றோர் வரும் நாளில் குடிலில் தன் ஆட்டைப் பிள்ளை தேடும். அழகான ஆடு வேறு யாருடையதாகவோ தெரியும்.

முளையும் மணலும்

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முளைப்பாரி தெரியும். குடிலின் புல்வெளியும் அதே வேலைதான், ஒரே ஒரு மாற்றம். முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பதால் வெளிர் மஞ்சளாக நெடுக வளரும். குடிலுக்குப் பச்சை வேண்டும், ஆகவே மூன்றாம் நாளே வெளிச்சத்துக்கு எடுக்க வேண்டும்.

கேழ்வரகு நல்லது, குட்டையாகப் புல் போலவே வரும். பாசிப்பயறு ஒரு வாரத்தில் ஒரு சாண் வளர்ந்து ஆட்டையே மறைத்துவிடும். கடையில் வாங்கிய கேழ்வரகை முதலில் சோதிக்க வேண்டும்: இருபது மணியை ஈரத்துணியில் முடிந்து மூன்று நாள் வைத்து, பதினைந்துக்கு மேல் முளைவிட்டால் விதைக்கலாம். 20க்கு 30 செ.மீ தட்டுக்கு ஓர் அங்குலம் தென்னை நார்க்கழிவு, இரவு ஊறிய கேழ்வரகு 30 கிராம், மேலே ஈரத்துணி. ஆறு தட்டு போதும். டிசம்பர் 12 வாக்கில் விதைத்தால் 21ஆம் தேதி குடிலில் வைக்கும்போது சரியான உயரத்தில் இருக்கும். முன்கூட்டி விதைத்தால் சாய்ந்து மஞ்சளாகிவிடும்.

தண்ணீர் நல்லதண்ணியாக இருக்க வேண்டும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் முளை பாதிதான் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து 28 பேரின் அன்பு. எல்லோரும் ஊற்றினால் இரண்டே நாளில் வேரழுகி வெள்ளைப் பூஞ்சை படரும். நாளுக்கு இரண்டு பேர், தெளிப்பான், தட்டுக்குப் பத்து அழுத்து. எண்ணுவதும் அவர்களே.

கடற்கரை மணலை அப்படியே கொட்டினால் அதிலுள்ள உப்பு ஈரம் இழுத்துக் குடிலின் அட்டையை ஊறவைக்கும், ஓர முளையையும் கருக்கும். மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பயன்படுத்த வேண்டும். சிப்பி, சோழி கொண்டுவந்தால் உள்ளே உயிர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முனிவன் நண்டு குடியிருக்கும் சங்கைத் திரும்பக் கரையில் விட்டுவர வேண்டும். பவளத் துண்டு மட்டும் கூடாது, கரையில் செத்து ஒதுங்கியதானாலும். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறோம். பாறைக்குப் பழுப்புத் தாளைக் கசக்கி வைத்தால் போதுமானது.

குடிலின் உடல் பெரிய அட்டைப்பெட்டி. ஈரத்தில் அட்டை தொய்யும், அதனால் இரண்டு பக்கமும் பழுப்புத்தாள் ஒட்டி, தரையில் வைக்காமல் மேசைமேல் வைக்க வேண்டும். கூரைக்குப் பனை ஓலை. மட்டையின் கருக்கு ரம்பம் போல அறுக்கும், ஓலையை மட்டை நீக்கித்தான் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும்; ஓலையின் ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். ஓலைக்கூரையின் கீழ் மெழுகுவர்த்தி எக்காரணத்தாலும் கூடாது. சுவர் பிளக்கில் செருகும் சீரியல் லைட்டும் ஈர மணலுக்குப் பக்கத்தில் வேண்டாம், பென்சில் பேட்டரி லைட் ஒரு சரம் போதும். பேட்டரிப் பெட்டி திருகாணி போட்டு மூடும் வகையாக இருக்கட்டும். பொத்தான் பேட்டரி வகையை வகுப்பிலேயே சேர்க்கக் கூடாது, விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

ஆடுகளுக்கு நடுவே ஒரு வத்தையும் (மீன்பிடிப் படகு) ஒரு பனையும் பிள்ளைகள் கேட்டால் வைக்கலாம், இடையர்கள் வந்த ஊரைத் தங்கள் ஊராகத்தான் நினைக்கிறார்கள். தீவனத்தொட்டியை மட்டும் கடைசி நாள் வரை காலியாக விட வேண்டும். குழந்தை சுரூபத்தைப் பிறப்பு இரவில்தான் வைப்பது வழக்கம். பள்ளியில் விடுமுறைக்கு முந்தைய நாள் வைத்துவிடலாம்.

நிகழ்ச்சி நாள்

ஆடு வேடத் தலைப்பட்டைக்கு ஐந்து வயதுத் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 50 செ.மீ. சார்ட்டின் 56 செ.மீ பக்கத்தில் 5 செ.மீ அகலப் பட்டைகளாக வெட்டினால் ஒரு சார்ட்டில் பதினான்கு, இரண்டு சார்ட்டில் 28 பேருக்கும் சரியாக வரும். ஊக்கு வேண்டாம், டேப். பஞ்சு காதுக்கு மட்டும். உடல் முழுக்கப் பஞ்சு ஒட்டினால் மூக்கில் ஏறித் தும்மல் வரும். வெள்ளைப் பனியன் போதும். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடை எதுவும் கூடாது. மேடை ஏறும் நேரத்தில் கழிப்பறை கேட்கும் பிள்ளைக்கு அதைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

பாட்டு எட்டு வரி, இரண்டு நிமிடம், நாளுக்கு ஒரு வரி. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி போட்டுத் திடீரென்று வந்தால் பாதி வகுப்பு மேசைக்கடியில் போய்விடும். தெரிந்த ஒருவர் பிள்ளைகள் பார்க்கவே சிவப்புச் சட்டையும் தொப்பியும் மாட்டட்டும், முகம் திறந்தே இருக்கட்டும். தின்பண்டத்தில் முழு நிலக்கடலை, முந்திரி, உருண்டை மிட்டாய் தவிர்க்க வேண்டும், தொண்டையில் அடைக்கும். ஒரு கிலோ கேக் 28 துண்டாக்கினால் ஆளுக்கு 35 கிராம் வரும், இந்த வயதுக்கு அது போதும்.

இந்த வாரத்தில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் பிள்ளைகள் அந்தச் செய்தியோடுதான் வருவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கதை வீடுகளில் இந்தத் தேதிகளில்தான் பேசப்படும், கேட்ட பிள்ளை வகுப்பில் கேட்கும். பேச்சை மாற்றக் கூடாது. இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை வருகிறது, அப்பாக்கள் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கும் விடுமுறை விடுவார்கள் என்று மூன்று வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு, அன்றைய தட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும் இருவரை அழைக்கலாம்.

கடைசி நாள் முளைத்தட்டைப் பிரித்து ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தனுப்பலாம், வீட்டு ஆடு தின்னும். ஆடு பொம்மைகளும் நட்சத்திரங்களும் பிள்ளைகளோடு போகட்டும். குடிலின் அட்டையை விடுமுறையில் பூட்டிய அறையில் விட்டால் பூஞ்சையும் கரையானும் பிடிக்கும். ஓலையைக் கழற்றி, தை வெயிலில் ஒரு நாள் காயவைத்து, காய்ந்த வேப்பிலை வைத்துக் கட்டிப் பரணில் ஏற்ற வேண்டும். லைட்டிலிருந்து பேட்டரிகளை எடுத்துவிட வேண்டும், உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் முனை பச்சை பிடித்துவிடும்.